பழைய ஹோண்டா சிட்டி, சியாஸ் வாங்கப் போறீங்களா? எந்த வருஷ வண்டி எவ்ளோ மைலேஜ் தரும்னு கண்டுபிடிக்கிற வழி

செகண்ட் ஹேண்ட்ல மிட்சைஸ் செடான் தேடுற யாரும் கேக்குற முதல் கேள்வி "எவ்ளோ சார் குடுக்குது?" தான், அதுக்கு விக்கிறவர் சொல்ற பதிலும் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான், "சிட்டிக்குள்ள 15, ஹைவேல 20". வண்டி 2009 மாடலா இருந்தாலும் அதான், 2018 மாடலா இருந்தாலும் அதான். புதுசா கார் வாங்குறவங்க இத நம்பி வாங்கிட்டு முதல் மாசம் பெட்ரோல் பில் பார்த்து முழிக்கிறாங்க, அப்புறம் மெக்கானிக் கிட்ட போய் "ஏதாவது ட்யூன் பண்ணுங்க"ன்னு நிக்கிறாங்க. அதுக்கு முன்னாடியே பார்த்துக்க வேண்டியத வரிசையா சொல்றேன். நம்ம ரோட்டுல அதிகம் சுத்துற ஹோண்டா சிட்டியத்தான் மெயினா எடுத்துக்கிறேன், கூட மாருதி சியாஸ். மத்த வண்டிக்கும் இதே முறைதான்.

என் அபிப்பிராயத்த முதல்லயே சொல்லிடறேன். ஒரே பேர்ல வர்ற வண்டிக்கு வருஷத்துக்கு வருஷம் மைலேஜ் மாறுது, அது உண்மை, ஆனா பெட்ரோல் வண்டில அந்த வித்தியாசம் நீங்க நினைக்கிறதவிட ரொம்ப கம்மி. பழைய ஓனர் வண்டிய எப்படி வச்சிருந்தார், நீங்க எந்த ரோட்டுல ஓட்டப் போறீங்க, இந்த ரெண்டும்தான் பெருசா அடிக்கும். அதனால மைலேஜுக்காக மட்டும் ரெண்டு வருஷம் புது வண்டின்னு கூடுதலா ஒரு லட்சம் குடுக்காதீங்க.

முதல் ஸ்டெப்: அது நெஜமா எந்த வண்டின்னு பாருங்க

விளம்பரத்துல "2017 சிட்டி"ன்னு போட்டிருப்பாங்க. அது ரிஜிஸ்டர் ஆன வருஷம். ஆர்சில தயாரிச்ச மாசமும் வருஷமும் தனியா இருக்கும், அதத்தான் பார்க்கணும். சிட்டிக்கு ஃபேஸ்லிஃப்ட் (அதே ஜெனரேஷன்ல முகத்தையும் சில ஐட்டத்தையும் மாத்துறது) வந்தது 2017 பிப்ரவரில, அதனால அந்த வருஷ ஆரம்பத்துல ரிஜிஸ்டர் ஆன நிறைய வண்டி 2016ல தயாரான பழைய மாடலா இருக்கும். 2014 ஜனவரிக்கும் இதே கதை, அப்பதான் நாலாவது ஜெனரேஷன் வந்துச்சு. ஆர்சி பார்க்கும்போதே பிஎஸ்4ஆ பிஎஸ்6ஆ (எந்த புகை விதிப்படி பண்ண வண்டி), ஃப்யூயல் என்ன, அன்லேடன் வெயிட் (காலி வண்டியோட எடை) எவ்ளோங்கிறதயும் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. ரெண்டு வருஷத்து வண்டிய கம்பேர் பண்றப்ப அந்த வெயிட் நம்பர் நல்லா உதவும். ஒரே இன்ஜின்தான், ஆனா டாப் வேரியன்ட், சன்ரூஃப், பெரிய வீல்னு ஏத்திக்கிட்டே போனா எங்கேயாவது காட்டித்தானே ஆகணும்.

சிஎன்ஜியோ எல்பிஜியோ கிட் மாட்டி கழட்டின வண்டியான்னும் ஆர்சில பதிவு பண்ணியிருந்தா தெரியும். கழட்டினதா இருந்தா இன்டேக்ல போட்ட ஓட்டைய ஒழுங்கா அடைச்சாங்களான்னு பாருங்க. அதுல காத்து லீக் ஆனா மிக்ஸ்சரே கெட்டுடும்.

ரெண்டாவது: வருஷ வாரியா கம்பெனி நம்பர் என்ன

சிட்டி இந்தியாவுக்கு வந்தது 1998ல. இப்ப வாங்குற மாதிரி கைல கிடைக்கிறது 2003க்கு அப்புறம் வந்ததுதான். 2003 வண்டில இருந்தது ஐ-டிஎஸ்ஐ இன்ஜின், 1.5 லிட்டர், வெறும் 77 பிஎச்பி, ஆனா மைலேஜுக்குன்னே பண்ணது, ஒரு சிலிண்டருக்கு ரெண்டு ஸ்பார்க் பிளக்னு மொத்தம் எட்டு. இத வாங்குறவங்க ஒரு விஷயம் கேட்டே ஆகணும், எட்டு பிளக்கும் மாத்துனீங்களா? முன்னாடி இருக்கிற நாலு ஈசியா கைக்கு வரும், பின்னாடி நாலு வராது, அதனால முன்னாடி நாலு மட்டும் மாத்திட்டு "பிளக் மாத்தியாச்சு"ன்னு அனுப்பி வச்ச வண்டி இருக்கு. அந்த வண்டி ஓடும், ஆனா பேர் வாங்குன மைலேஜ் வராது.

2008 செப்டம்பர்ல மூணாவது ஜெனரேஷன். 1.5 ஐ-விடெக், பவர் கிட்டத்தட்ட 118 பிஎஸ், அதாவது ஐ-டிஎஸ்ஐய விட ஒண்ணரை மடங்கு. 2011 டிசம்பர்ல ஃபேஸ்லிஃப்ட் வந்தப்ப கம்பெனி சொன்ன ஏஆர்ஏஐ (வண்டிய டெஸ்ட் பண்ணி சர்டிஃபிகேட் குடுக்கிற அமைப்பு) மைலேஜ் லிட்டருக்கு 16.8 கிலோமீட்டர். 2014ல நாலாவது ஜெனரேஷன் மேனுவல் 17.8, சிவிடி (படிப்படியா கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) 18, டீசல் 26. 2017 ஃபேஸ்லிஃப்ட்ல மேனுவல் 17.4, சிவிடி அதே 18, டீசல் 25.6. கவனிங்க, புது மாடல்ல நம்பர் இறங்கியிருக்கு. 2020 ஜூலைல அஞ்சாவது ஜெனரேஷன் வந்துச்சு, ஆறு கியர் மேனுவல், மறுபடி 17.8, சிவிடி 18.4, டீசல் 24.1. ஆக 2011லேர்ந்து 2020 வரைக்கும் ஒன்பது வருஷத்துல பெட்ரோல் மேனுவல் சிட்டி பேப்பர்ல ஏறினது ஒரே ஒரு கிலோமீட்டர். 2022ல வந்த ஸ்ட்ராங் ஹைபிரிட் மட்டும் 26.5னு வேற லெவலுக்குப் போச்சு, ஆனா அது பழைய கார் பட்ஜெட்ல வராது.

சியாஸ்ல இன்னும் வேடிக்கை. 2014ல வந்த 1.4 பெட்ரோல் மேனுவல் 20.73. 2018ல 1.5 இன்ஜின் மைல்ட் ஹைபிரிட்டோட (இன்ஜினுக்கு ஒரு சின்ன மோட்டார் கைகுடுக்கிறது) வந்தப்ப 21.56. அதே இன்ஜின் 2020ல பிஎஸ்6 ஆனதும் 20.65. அதாவது 2020 வண்டி பேப்பர்ல 2014 வண்டியவிட ஒரு துளி கம்மி! டீசல் 2014ல 26.21, 2015 செப்டம்பர்ல எஸ்எச்விஎஸ் (மாருதி அந்த மைல்ட் ஹைபிரிட்டுக்கு வச்ச பேர்) வந்து 28.09. அந்த ஏத்தத்துல ஒரு பங்கு சிக்னல்ல இன்ஜின் தானா ஆஃப் ஆகுறதால வந்தது, அதனால பழைய எஸ்எச்விஎஸ் வண்டி பார்க்கப் போனா டெஸ்ட் டிரைவ்ல அந்த ஐடில் ஸ்டாப் வேலை செய்யுதான்னு பாருங்க. பேட்டரி வீக் ஆயிட்டா அது சத்தம் போடாம வேலைய நிறுத்திடும், ஓனருக்கே தெரியாது.

ஆட்டோமேட்டிக்ல ஒரு எச்சரிக்கை. "ஆட்டோமேட்டிக்னா மைலேஜ் குடுக்காது"ங்கிறது பாதி உண்மை. 2008 சிட்டில இருந்தது அஞ்சு கியர் டார்க் கன்வெர்ட்டர் (வழக்கமான பழைய வகை ஆட்டோமேட்டிக்), 2014ல அத எடுத்துட்டு சிவிடி வச்சாங்க, அதுக்கப்புறம் பேப்பர்ல ஆட்டோமேட்டிக் மேனுவல முந்திடுச்சு, ஏன்னா சிவிடி ஆர்பிஎம்ம முடிஞ்ச வரைக்கும் கீழயே வச்சு ஓட்டும். சியாஸ்ல கடைசி வரைக்கும் நாலு கியர் டார்க் கன்வெர்ட்டர்தான், அது மேனுவலுக்குக் கீழதான் நிக்கும். அதனால ஆட்டோமேட்டிக் வாங்குறவங்களுக்கு வருஷத்தவிட கியர்பாக்ஸ் என்ன வகைங்கிறதுதான் முக்கியம்.

அந்த ஏஆர்ஏஐ நம்பர எப்படி எடுத்துக்கிறது

அது ரோட்டுல ஓட்டி எடுத்ததே இல்ல. வண்டிய ரோலர் மேல நிக்க வச்சு, இந்தியன் டிரைவிங் சைக்கிள்னு ஒரு ப்ரோக்ராம் படி ஓட்டுவாங்க, கிட்டத்தட்ட 20 நிமிஷம், 10 கிலோமீட்டருக்கு மேல கொஞ்சம், அதிகபட்ச ஸ்பீடு 90, ஏசி ஆஃப். சித்திரை வெயில்ல ஏசி இல்லாம சென்னைல ஓட்டுற ஆள காட்டுங்க பார்ப்போம். ஆனா அதுக்காக அந்த நம்பர் வேஸ்ட்னு சொல்ல மாட்டேன், எல்லா வண்டியும் அதே பரீட்சைதான் எழுதுது, அதனால ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட அது போதும், உங்க பில் எவ்ளோ வரும்னு பார்க்கத்தான் ஆகாது. நான் தோராயமா வச்சுக்கிற கணக்கு: பெட்ரோல்ல முழுக்க டிராஃபிக்னா அதுல 60, 65 சதவீதம், 80, 90ல போற ஹைவேன்னா 90 சதவீதம் வரைக்கும். 16.8 போட்ட சிட்டி தாம்பரம்–கிண்டி காலை டிராஃபிக்ல 10, 11 தந்தா வண்டில கோளாறு எதுவும் இல்ல.

மூணாவது: கிலோமீட்டர் கணக்க லிட்டர் கணக்கா மாத்துங்க

இத யாரும் பண்றதில்ல, ஆனா காசு எங்க போகுதுன்னு இதுலதான் தெரியும். மாசம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுறீங்கன்னு வைங்க. 16.8 வண்டிக்கு 59.5 லிட்டர், 17.8 வண்டிக்கு 56.2 லிட்டர். வித்தியாசம் மூணேகால் லிட்டர் சொச்சம், லிட்டர் 100 ரூபான்னு ரவுண்டா போட்டா மாசம் 330 ரூபா, வருஷத்துக்கு நாலாயிரம். இந்த நாலாயிரத்துக்காக ஒண்ணு ஒண்ணரை லட்சம் கூட குடுத்து அடுத்த ஜெனரேஷன் வாங்குனா போட்ட காச எடுக்க எத்தனை வருஷம் ஆகும்னு நீங்களே போட்டுக்கோங்க. புது வண்டி சேஃப்டிக்காக, ஏர்பேக்குக்காக வாங்குங்க, தப்பே இல்ல, மைலேஜ காரணமா சொல்லாதீங்க.

அதே 1,000 கிலோமீட்டருக்கு இன்னொண்ணு பாருங்க. 18 தர்ற வண்டி 20 தர ஆரம்பிச்சா மிச்சமாகுறது அஞ்சரை லிட்டர். 10 தர்ற வண்டி 12 தர ஆரம்பிச்சா 16.7 லிட்டர். ரெண்டுலயும் ஏறினது ரெண்டு கிலோமீட்டர்தான், மிச்சம் மூணு மடங்கு. அதனால ஹைவேல 18ஐ 20 ஆக்குறதுக்கு மெனக்கெடுறத விட்டுட்டு, சிட்டிக்குள்ள 10ஐ 12 ஆக்குற வேலையப் பாருங்க.

டீசலா பெட்ரோலாங்கிறதுக்கும் இதே கணக்க போட்டுடுங்க. மாசம் 1,500க்கு மேல, அதுவும் ஹைவேல ஓடுற ஆளுக்கு 2014–2019 டீசல் சிட்டி இன்னிக்கும் நல்ல டீல். வீட்டுக்கும் ஆபீஸுக்கும் ஆறு கிலோமீட்டர்னா வேணாம், அதுலயும் பிஎஸ்6 டீசல் வேணவே வேணாம், டிபிஎஃப் (புகைல வர்ற கரிய பிடிக்கிற ஃபில்டர்) சூடாகி கரிய எரிக்க நேரமே கிடைக்காது, அத எரிக்கிறதுக்குன்னு வண்டி தனியா டீசல் குடிக்கும், அப்பவும் அடைச்சுக்கிட்டு லைட் போடும்.

நாலாவது: வண்டி பார்க்கப் போறப்ப

இன்ஜின் ஆறி இருக்கிறப்ப போங்க, ஓனர் முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருந்தா கேளுங்க ஏன்னு. 2013 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டின்னா ஓபிடி2 (இன்ஜின் தகவல படிக்கிற சாக்கெட்) இருக்கும், ஒரு ப்ளூடூத் ஸ்கேனர சொருகி போன்ல பாருங்க, பெரிய காசு இல்ல. பார்க்க வேண்டியது ரெண்டே விஷயம். கூலன்ட் டெம்பரேச்சர் பத்து பதினஞ்சு நிமிஷ ஓட்டத்துல 80 டிகிரிய தாண்டி நிக்கணும், 65, 70லயே சுத்திக்கிட்டு இருந்தா தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கிச்சு, இல்ல யாரோ புண்ணியவான் அத கழட்டி எறிஞ்சிட்டார். நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்குன்னு கழட்டுற மெக்கானிக் இன்னும் இருக்காங்க. இன்ஜின் சூடாகலன்னு நெனச்சு இசியு (இன்ஜினோட கம்ப்யூட்டர்) பெட்ரோல கூட ஊத்திக்கிட்டே இருக்கும். அடுத்தது லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம், அதாவது இசியு பெட்ரோல எத்தனை சதவீதம் கூட்டியோ குறைச்சோ ஊத்துதுங்கிற நம்பர், ப்ளஸ் 10க்கும் மைனஸ் 10க்கும் நடுவுல இருந்தா ஓகே, அத தாண்டினா காத்து லீக்கோ இன்ஜெக்டரோ ஆக்ஸிஜன் சென்சாரோ ஏதோ ஒண்ணு.

ஸ்கேனர் இல்லையா, பரவால்ல, பக்கத்துல இருக்கிற எமிஷன் டெஸ்ட் சென்டருக்கு வண்டிய கூட்டிட்டுப் போய் உங்க கண் முன்னாடி டெஸ்ட் போடச் சொல்லுங்க. வண்டிய பார்க்காமலே பிரிண்ட் அடிச்ச சர்டிஃபிகேட் வேணாம். பிஎஸ்4 பெட்ரோலுக்கு ஐடில்ல சிஓ (கார்பன் மோனாக்சைடு) லிமிட் 0.3 சதவீதம், நல்ல வண்டி அதுக்கு ரொம்ப கீழ, பூஜ்யத்த ஒட்டி நிக்கும். லிமிட்ட தொட்டுக்கிட்டு நின்னா வண்டி ரிச்சா (பெட்ரோல் தேவைக்கு மேல) ஓடுது, இல்லன்னா புகைய சுத்தம் பண்ற கேட்டலிஸ்ட் போயிடுச்சு, ரெண்டுமே செலவு.

அப்புறம் பிரேக். பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு ஓரங்கட்டி நாலு வீல் பக்கத்துலயும் புறங்கைய வச்சுப் பாருங்க, தொடாம. மூணு வெதுவெதுன்னு இருந்து ஒண்ணு மட்டும் அனலா அடிச்சா அந்த பிரேக் விடாம பிடிச்சிருக்கு. பழைய வண்டில ரியர் டிரம்ல ஹேண்ட்பிரேக் கேபிள் துருப்பிடிச்சு இது ரொம்ப சாதாரணமா வரும், மைலேஜ தின்னும், யாரும் கவனிக்க மாட்டாங்க.

டயர் சைஸ கண்டிப்பா பாருங்க. மூணாவது, நாலாவது ஜெனரேஷன் சிட்டிக்கு கம்பெனி போட்டது 175/65 ஆர்15, 2017 டாப் மாடல்ல 185/55 ஆர்16, ரெண்டுக்கும் உயரம் ஒண்ணுதான், 61 சென்டிமீட்டர் பக்கம். "ரோடு கிரிப்பா இருக்கும், ஸ்பீட் பிரேக்கர்ல அடி தட்டாது"ன்னு 195/65 ஆர்15 மாட்டுன வண்டி நிறைய சுத்துது. அது நாலு சதவீதம் உயரம். அதாவது வண்டி 104 கிலோமீட்டர் போனா மீட்டர் 100ன்னுதான் காட்டும், மைலேஜ் கணக்கு கம்மியா வரும், கூடவே வெயிட்டான டயர சுத்துறதுக்கு நெஜமாவே கொஞ்சம் பெட்ரோல் போகும். எது பொய் நஷ்டம், எது நெஜ நஷ்டம்னு பிரிச்சுப் பார்க்கணும்.

அஞ்சாவது: வாங்குனதும் உங்க வண்டியோட சொந்த நம்பர எடுங்க

டேஷ்போர்டுல காட்டுற ஆவரேஜ நம்பி சண்டை போடாதீங்க, அது பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாத்தான் காட்டும். டேங்க் டு டேங்க்தான் ஒரே வழி. ஒரே பங்க், முடிஞ்சா அதே பம்ப், முதல் ஆட்டோ கட்ல நிறுத்தச் சொல்லுங்க, "ரவுண்டா போட்டுடறேன் சார்"னு அவர் கழுத்து வரைக்கும் ரொப்ப விடாதீங்க. ட்ரிப் மீட்டர ஜீரோ பண்ணுங்க. குறைஞ்சது 300 கிலோமீட்டர் ஓட்டுங்க. திரும்ப அதே பம்ப், முதல் கட். 348 கிலோமீட்டருக்கு 29 லிட்டர் பிடிச்சா 12. நாலாவது ஜெனரேஷன் சிட்டிக்கு டேங்கே 40 லிட்டர்தான், அதுல ஆட்டோ கட் ஒரு லிட்டர் முன்ன பின்ன ஆனாலே கணக்கு ஆடும், அதனால ஒரு டேங்க பார்த்து முடிவு பண்ணாம மூணு நாலு டேங்க் சேர்த்து மொத்த கிலோமீட்டர மொத்த லிட்டரால வகுத்துடுங்க. நூறு ரூபாக்கும் ஐநூறு ரூபாக்கும் போட்டு மைலேஜ் பார்க்கிறவங்களுக்கு வர்றது ஜோசியம்.

இந்த நம்பர் கைல வந்தப்புறம் ஒண்ணு ஒண்ணா சரி பண்ணுங்க, எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திட்டா எது வேலை செஞ்சுதுன்னு தெரியாமப் போயிடும். டயர் பிரஷர் முதல்ல, டிரைவர் டோர் பக்கம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல உள்ளபடி, டயர் ஆறி இருக்கிறப்ப. அடுத்து இன்ஜின் ஆயில், மேனுவல்ல போட்ட கிரேடு எதுவோ அதேதான். 0டபிள்யூ-20 மாதிரி மெல்லிசு ஆயிலுக்கு பண்ண இன்ஜின்ல "பழைய வண்டி, திக்கா ஊத்துனாதான் நல்லது"ன்னு 20டபிள்யூ-50 ஊத்துனா அந்த கெட்டி ஆயில கலக்குறதுக்கே பெட்ரோல் செலவாகும். பிளக், த்ராட்டில் பாடி கிளீனிங், ஹோண்டான்னா டாப்பெட் கிளியரன்ஸ், சிவிடின்னா அதுக்குன்னே உள்ள ஆயில். ஏர் ஃபில்டர் அழுக்கா இருந்தா மாத்துங்க, ஆனா இன்ஜெக்ஷன் வண்டில அதனால மைலேஜ் பறக்கும்னு எதிர்பார்க்காதீங்க, இழுவைதான் மாறும். பெட்ரோல்ல ஊத்துற மைலேஜ் பூஸ்டர், லைன்ல மாட்டுற காந்தம், ஓபிடில சொருகுற "சேவர்" டப்பா, இதெல்லாம் வாங்குற காசுக்கு நாலு லிட்டர் பெட்ரோல் போட்டுக்கலாம்.

ஓட்டுறதுல ரெண்டு மட்டும். ஏசி போட்டுக்கிட்டு நின்ன இடத்துல இன்ஜின் ஓடுனா மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் போகும், ஸ்கூல் வாசல்ல தினம் இருபது நிமிஷம் அப்படி நிக்கிறவங்க அத எழுதிப் பாருங்க. ஹைவேல 80லேர்ந்து 100க்குப் போனா காத்தோட எதிர்ப்பு ஒண்ணரை மடங்குக்கு மேல ஆகுது, திருச்சி போறப்ப 18 வந்த வண்டி 110ல போனா 14க்கு இறங்குறது வண்டியோட தப்பு இல்ல.

கடைசியா இ20, அதாவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு முன்னாடி வந்த வண்டி பெரும்பாலும் இ10 வரைக்கும் நெனச்சு பண்ணது, பழசுங்க அதுவும் இல்ல. எத்தனால்ல ஒரு லிட்டருக்கு பெட்ரோலவிட மூணுல ஒரு பங்கு சக்தி கம்மி, அதனால இருபது சதவீதம் கலந்தா மைலேஜ் குறையுறது இயல்பு. 2021ல வந்த நிதி ஆயோக் ரிப்போர்ட்டே அந்த மாதிரி பழைய கார்களுக்கு 6–7 சதவீதம் குறையலாம்னு சொல்லுது, 12 தந்த வண்டின்னா 11.2 பக்கம். ஓனரோட பழைய சர்வீஸ் பில், பழைய மைலேஜ் நோட்டு எதாவது கிடைச்சு அதோட உங்க நம்பர ஒப்பிட்டீங்கன்னா முதல்ல பழைய நம்பர்லேர்ந்து இந்த 6–7 சதவீதத்த கழிச்சிட்டு ஒப்பிடுங்க. அதுக்கும் மேல இடிச்சா மட்டும் மெக்கானிக் கிட்ட போங்க, போறப்ப மூணு டேங்க் கணக்கையும் ஸ்கேனர்ல எடுத்த ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்துட்டுப் போங்க.